ரீச் பத்தாதவர்

லென்ஸ் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று மனமார நம்புகிறவரே ரீச் பத்தாதவர். கேமரா வைத்திருக்கும் எல்லாரும் இந்த வகையில் சேர மாட்டார்கள். கல்யாண வீட்டுப் படக்காரரும், சுற்றுலா போன இடத்தில் குடும்பத்தை வரிசையாக நிறுத்துபவரும் எதிரே இருப்பதைப் படம் எடுப்பவர்கள். ரீச் பத்தாதவர் அதைச் செய்வதில்லை. தலைக்கு மேலே புளியமரத்தில் செம்போத்து உட்கார்ந்திருக்கும். அவருடைய குழாயோ கண்மாயின் அக்கரையில் புள்ளியாகத் தெரியும் கூழைக்கடாவை நோக்கியிருக்கும்.

அவரை அடையாளம் காண உடை உதவாது. பச்சையும் பழுப்பும் கலந்த காட்டுச் சட்டையை இன்று யார் வேண்டுமானாலும் போடுகிறார்கள். நம்பத் தகுந்த அடையாளம் ஒன்றுதான்: கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்தில் மூன்றாவதாக ஒரு துண்டு இருக்கும். அது லென்ஸின் நீளத்தைப் பெருக்கும் டெலி கன்வெர்ட்டராக இருக்கும். இல்லையென்றால் வேறு கம்பெனி லென்ஸை மாட்ட உதவும் அடாப்டராக இருக்கும். முற்றியவர்களிடம் இரண்டும் இருக்கும்.

வாழிடம்

கண்மாயும் மலையும் அருகருகே அமைந்த எல்லா ஊரிலும் இவர் உண்டு. கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் இவருக்கு வசதி அதிகம். மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புச் சாலை மேற்கே பிரியும் இடம் அது. ஒரு பக்கம் வயலும் கண்மாயும் தென்னந்தோப்பும். மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. வத்திராயிருப்பைத் தாண்டினால் பிளவக்கல் அணை. தெற்கே போனால் செண்பகத்தோப்பு. இன்னும் தெற்கே ராஜபாளையத்து அய்யனார் கோயில் காடு. மயிலைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. வரப்பில் நிற்கும், சில நாள் மொட்டை மாடிக்கே வந்துவிடும். அதனாலேயே ரீச் பத்தாதவர் மயிலை எடுப்பதில்லை.

அவரை இழுப்பது சாம்பல் நிற மலை அணில். உடலும் வாலும் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை என்று நல்ல ஆகிருதியுள்ள பிராணிதான். இதற்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமானது. ஆனால் அணில் தரைக்கு வருவதில் அக்கறை காட்டுவதில்லை. புளி, மா மரங்களின் உச்சியிலேயே தாவித் திரியும். ஆள் அரவம் கேட்டால் கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். புலியை ரீச் பத்தாதவர் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும், வந்தால் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக 2 மடங்குக் கன்வெர்ட்டரைப் பையில் தனி அறையில் வைத்திருப்பார்.

தொடக்கம்

இந்த நிலை பிறவியில் வருவதில்லை. கேமராப் பெட்டியோடு வந்த 18–55 லென்ஸில் அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம், பால்கோவா கிண்டும் கடாய், மழைக்குப் பிந்தைய மலை என்று எல்லாம் அதில் அடங்கின. பிறகு 70–300 வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்குப் போனார், அணிலைக் கண்டார், எடுத்தார். படத்தைப் பார்த்த நண்பர் கேட்டார்:

“மாப்ள, இதுல அணில் எங்க?”

அன்றோடு கோபுரம் போயிற்று, பால்கோவாவும் போயிற்று. பெரிய லென்ஸ்களின் விலை ஒரு நல்ல இருசக்கர வண்டியில் தொடங்கி, காரைத் தாண்டியும் போகும். கன்வெர்ட்டரோ அதில் சிறு பங்கு. சின்ன டப்பா, உள்ளே சில கண்ணாடி வில்லைகள். இருக்கிற 300 மில்லிமீட்டரை 420 ஆக்கும், அல்லது 600 ஆக்கும். கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது. அது பாதிக் கணக்குதான் என்பது காட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

ஒளிக் கணக்கு

மீதிப் பாதி இப்படி. 300 மில்லிமீட்டர், எஃப் 4 லென்ஸ் என்றால் ஒளி நுழையும் வாசலின் விட்டம் 300ஐ 4ஆல் வகுத்த 75 மில்லிமீட்டர். பின்னால் 2 மடங்குக் கன்வெர்ட்டரை மாட்டினால் வாசல் பெரிதாவதில்லை, அதே 75தான். பிம்பம் மட்டும் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகி, நான்கு மடங்குப் பரப்பில் பரவுகிறது. பந்தி நீண்டால் ரசத்தில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்ற வேலை: எல்லா இலைக்கும் போய்ச் சேரும், காரம் மட்டும் இருக்காது. எஃப் 4 லென்ஸ் எஃப் 8 ஆகிவிடும். படக்காரர் மொழியில் இரண்டு ஸ்டாப் நஷ்டம். 1.4 மடங்குக் கன்வெர்ட்டரில் நஷ்டம் ஒரு ஸ்டாப். 300 எஃப் 4 அப்போது 420 எஃப் 5.6.

லென்ஸ் செய்யும் சிறு பிழைகளையும் கன்வெர்ட்டர் சேர்த்தே பெரிதாக்கும். தரமான தனி நீளத்து லென்ஸில் 1.4 மாட்டினால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மலிவான ஜூமில் 2 மடங்கை மாட்டினால் அணிலின் வாலும் மரப்பாசியும் ஒரே பொருளாகிவிடும். ஃபோகஸும் படுத்துவிடும். பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் பல, எஃப் 5.6 வரைதான் தானாக ஃபோகஸ் செய்யும். பின்னால் வந்த சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை தாங்கும். எஃப் 5.6 ஜூமில் 2 மடங்கைப் போட்டு எஃப் 11 ஆக்கினால், ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். அதற்குள் அணில் அடுத்த தோப்புக்குப் போயிருக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் இந்தத் துன்பத்தைப் பெருமளவு தீர்த்தன. அதனால் ரீச் பத்தாதவரின் அடுத்த செலவு என்ன என்பதும் தீர்மானமாயிற்று.

செண்பகத்தோப்பில் விடியற்காலை இந்தக் கணக்கு முழுதாக வெளிப்படும். இலைகளுக்கடியில் வெளிச்சம் குறைவு. 300 எஃப் 4ஐ மட்டும் மாட்டியிருந்தால் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600இல் முடிந்திருக்கும். 2 மடங்கைச் சேர்த்ததும் ஐஎஸ்ஓ 6400 ஆகிறது. நீளம் கூடியதால் கையின் நடுக்கமும் அதே அளவு கூடித் தெரியும், அதை அடக்க ஷட்டரை இன்னும் ஒரு படி வேகமாக்க வேண்டும், ஐஎஸ்ஓ 12800. படம் முழுக்க மணல் அள்ளித் தூவினாற்போல நாய்ஸ் வரும். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தால் கண்மாய்க் கரையில் காற்று கொதித்து அலைய ஆரம்பிக்கும். நீளமான லென்ஸ் அந்த அலையையும் பெரிதாக்கிக் காட்டும். ஆக, கன்வெர்ட்டருக்கு உகந்த நேரம் வெளிச்சம் வந்த பிறகும் வெப்பம் வருவதற்கு முன்பும் உள்ள சிறிது நேரம். அந்த நேரத்தில் ரீச் பத்தாதவர் பெரும்பாலும் கன்வெர்ட்டரைக் கழற்றலாமா, மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அவர் போட விரும்பாதது. சிறிய சென்சார் உள்ள 1.5 கிராப் பாடியில் 300 மில்லிமீட்டர் லென்ஸ், 30 மீட்டர் தூரத்தில் சுமார் 2.35 மீட்டர் அகலத்தைக் காட்டும். முக்கால் மீட்டர் அணில் அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். ஒரு நல்ல படத்துக்கு இதுவே தாராளம். அதுவும் போதாதென்றால், 15 மீட்டருக்கு நடந்து வருவது 2 மடங்குக் கன்வெர்ட்டரின் வேலையை ஒரு துளி ஒளி நஷ்டமும் இல்லாமல் செய்துவிடும். இதைச் சொன்னால் ரீச் பத்தாதவர் நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பார். “மேல எப்படிங்க நடக்கிறது?” என்பார். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கண்மாய்க் கரையில் நிற்கும் நாரைக்கும் அவர் அதே பதிலைச் சொல்வதுதான் புரிவதில்லை.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே சிறக்கும் இடம் ஒன்று உண்டு. லென்ஸ் எவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யுமோ அந்தக் குறைந்தபட்சத் தூரத்தைக் கன்வெர்ட்டர் மாற்றுவதில்லை. ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்யும் 300 லென்ஸ் 1.4 மடங்கோடும் அதே ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்யும். பிம்பம் மட்டும் பெரிதாகும். நல்ல வெயிலில், கண்மாய் ஓரத்து நாணலில் உட்காரும் தட்டானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதைவிட வசதி வேறில்லை. ஆனால் தட்டான் பக்கத்தில் இருப்பதால் ரீச் பத்தாதவரின் பட்டியலில் அது இடம்பெறாது.

கிராப் விவாதம்

ரீச் பத்தாதவர் தனியாக இருந்தால் அமைதியானவர். இருவர் சந்தித்தால் விவாதம் எழும். கிருஷ்ணன்கோவில் விலக்கில் டீ ஆறும் வரை நடப்பது பெரும்பாலும் கிராப் பாடி விவாதம்தான். நிக்கான், சோனி கிராப் பாடிகளில் 1.5, கேனனில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2 என்று ஆளுக்கொரு பெருக்கல் எண் கைவசம் இருக்கும். 300 எஃப் 4இல் 2 மடங்கு மாட்டி, 1.5 பாடியில் வைத்தவர் தன்னிடம் இருப்பது 900 மில்லிமீட்டர் என்பார். 1.4ஐயும் 2ஐயும் அடுக்கி மாட்டியவர் 1260 என்பார். அவருடைய லென்ஸின் துளை எஃப் 11ஐத் தாண்டிவிட்ட செய்தியை அவர் சொல்வதில்லை.

உண்மையில் கிராப் பாடி லென்ஸை நீட்டுவதில்லை. பிம்பத்தின் ஓரங்களை வெட்டிவிடுகிறது. அதே வேலையை ஃபுல் ஃப்ரேம் படத்தில் கணினியில் பிறகும் செய்துகொள்ளலாம். வித்தியாசம் பிக்சல் நெருக்கத்தில் இருக்கிறது. இரண்டு பாடியும் 24 மெகாபிக்சல் என்றால், 1.5 கிராப் பாடியில் அதே பறவையின் மேல் 2.25 மடங்குப் பிக்சல்கள் விழும்; அந்த அளவில் கிராப் பாடிக்காரர் சொல்வது சரி. 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமை வெட்டினாலும் ஏறத்தாழ 20 மெகாபிக்சல் மிஞ்சும். அப்போது விவாதத்துக்கு இடமில்லை. இந்த இரண்டு வாக்கியங்களோடு முடிய வேண்டிய பேச்சு, இரண்டாவது டீக்கும் நீளும். ஏனென்றால் விவாதத்தின் உள்நோக்கம் உண்மையைக் கண்டறிவதல்ல, அடுத்து எந்தப் பாடி வாங்குவது என்பதற்கு இன்னொருவர் வாயால் சம்மதம் பெறுவது.

அடாப்டர் பருவம்

நோய் முற்றினால் ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி பாடியில் மாட்டும் ஆசை வரும். இதற்கும் இயற்கை ஒரு வரம்பு விதித்திருக்கிறது. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மில்லிமீட்டர், 1987இல் வந்த கேனன் ஈஎஃப்பில் 44. நிக்கான் லென்ஸைக் கேனன் பாடியில் வைக்க 2.5 மில்லிமீட்டர் இடம் மிஞ்சுகிறது. அந்தத் தடிமனில் ஒரு வளையம் செய்தால் போதும். கேனன் லென்ஸை நிக்கான் எஸ்எல்ஆரில் அப்படி வைக்க முடியாது; லென்ஸ் தேவைக்கு மேல் தள்ளி நிற்பதால் தூரத்துப் பொருள் ஃபோகஸுக்கே வராது. தூரத்துப் பொருளைத் தவிர வேறெதையும் விரும்பாதவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

மிரர்லெஸ் வந்ததும் கதவு திறந்தது. அந்தத் தூரம் சோனி ஈ மவுண்டில் 18, கேனன் ஆர்எஃப்பில் 20, நிக்கான் இசட்டில் 16 மில்லிமீட்டர்தான். பழைய லென்ஸ் ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் அடாப்டர் போட்டு மாட்டலாம். சோவியத் நாட்டு செனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44 முதல், மாமா வீட்டு அலமாரியில் பூஞ்சை பிடித்த லென்ஸ் வரை எல்லாம் மறுவாழ்வு பெற்றன. மாட்டிய பிறகு சில செய்திகள் தெரியவரும். மின்தொடர்பு இல்லாத வெறும் வளையத்தில் கேனன் ஈஎஃப் லென்ஸின் துளையை மாற்ற முடியாது. முழுக்கத் திறந்தே நிற்கும். பாடியிலுள்ள மோட்டாரை நம்பிய பழைய நிக்கான் லென்ஸ்கள், அந்த மோட்டார் இல்லாத பாடிகளில் கையால்தான் ஃபோகஸ் ஆகும். மாட்ட முடிகிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு என்று இந்தப் பருவத்தில் அவர் கற்கிறார். கற்றதை அடுத்த கூரியர் வரும்வரை நினைவில் வைத்திருக்கிறார்.

இந்தப் பழக்கத்துக்குத் தமிழில் ஒரு பெரிய முன்னோர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியல் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கினார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ரீச் பத்தாதவர் புதிய அடாப்டருக்கு நியாயம் கற்பிக்கும்போதெல்லாம் இவரை இழுப்பார். வீட்டில் அதற்குக் கிடைக்கும் பதில் சுருக்கமானது:

“அவரு இருந்ததை வச்சுச் சேர்த்தாரு. நீங்க சேர்க்கிறதுக்காக வாங்குறீங்க.”

மனித உறவுகள்

வீட்டைப் பொறுத்தவரை கன்வெர்ட்டருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது லென்ஸ் மாதிரி தெரியாது. “புது லென்ஸா?” என்று கேட்டால், “இல்லம்மா, லென்ஸுக்கு ஒரு சின்னச் சாமான்” என்று பொய் கலக்காமல் சொல்லிவிடலாம். கூரியர் வருகிற நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கிலோ பால்கோவாவும் வீட்டுக்கு வரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்துக்கு இப்படியொரு பயனும் இருப்பதை அரசு ஆவணங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் வீட்டார் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்து உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் பால்கோவாவைக் கண்டதும் முதல் கேள்வியே “எவ்வளவு?” என்பதாகிவிடும்.

வயல்காரர்களோடு உறவு வேறு விதம். நெடுஞ்சாலையை நாலு வழியாக்கும் வேலை நடந்த வட்டாரம் இது. மூன்று கால் நிறுத்தி அதன்மேல் குழாய் வைப்பவரை ஊர் ஒரே கண்ணோடுதான் பார்க்கும்.

“ஐயா, நம்ம வயலும் போகுதுங்களா?”

“இல்ல அண்ணாச்சி, பறவை பார்க்க வந்தேன்.”

“பறவையும் போகுதா?”

வனக் காவலர் இவரைச் சந்தேகிப்பதில்லை. அனுமதி இல்லாமல் உள்ளே விடுவதும் இல்லை. “அணில் அங்கதான் சார், இப்பத்தான் போச்சு” என்று அவர் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும் இடத்தை ரீச் பத்தாதவர் குழாயின் வழியே தேடத் தொடங்குவார். 900 மில்லிமீட்டர் காட்டும் பரப்பு மிகச் சிறியது. அதற்குள் அணிலைக் கொண்டுவருவதற்கு முதலில் அணில் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

உட்பிரிவுகள்

இந்த வட்டாரத்தில் நான்கு உட்பிரிவுகள் காணப்படுகின்றன.

முதலாவது மாணவர். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. விடுதிகளில் இந்தப் பிரிவு செழிக்கும். ஒருவரிடம் பாடி, ஒருவரிடம் லென்ஸ், ஒருவரிடம் கன்வெர்ட்டர், ஒருவரிடம் பைக். நால்வரும் சேர்ந்தால்தான் ஒரு படம். பைக் வைத்திருப்பவருக்கு அரியர் தேர்வு என்றால் அந்த வாரம் பறவை இல்லை.

இரண்டாவது ஆசிரியர். ஒளி, துளை, பிக்சல் கணக்கைப் பிழையில்லாமல் போடுவார். கணக்கு ‘எடுத்தால் நன்றாக வராது’ என்று காட்டுவதால் எடுக்க மாட்டார். படமெடுக்காமலே நிபுணராக அறியப்படுபவர் இவர் ஒருவரே.

மூன்றாவது ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்து மில்லிலோ வங்கியிலோ முப்பது ஆண்டு உழைத்த பணம் இருக்கிறது. மூன்று கிலோ லென்ஸைத் தூக்கும் தோள் இல்லை. எடை குறைந்த லென்ஸும் 1.4 கன்வெர்ட்டரும் இவருக்கு உண்மையிலேயே பொருந்தும். நால்வரில் வாங்கிய காரணம் சரியாக அமைந்தவர் இவரே.

நான்காவது கலப்பினம்: கல்யாணப் படக்காரர். முகூர்த்தமில்லாத மாதங்களில் பறவை, மற்ற மாதங்களில் மாப்பிள்ளை. 70–200 எஃப் 2.8இல் 1.4ஐ மாட்டினால் 280 எஃப் 4. வீடியோக்காரர்கள் மேடையை மறைத்து நிற்கும்போது மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து தாலி கட்டுவதை எடுத்துவிடலாம். ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக முடியாதபோதும் அது உதவும். கன்வெர்ட்டர் போட்ட பணத்தைத் திருப்பித் தந்ததாக அறியப்படும் ஒரே நேர்வு இதுதான்.

பயன்

சமூகத்துக்கு ரீச் பத்தாதவரால் பயனே இல்லை என்பது சரியல்ல. வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்புகளில் தன்னார்வலர்களுக்கு இடமுண்டு. அங்கே அழகு கேட்பதில்லை. இன்ன பறவை என்று சொல்ல அலகும் கால் நிறமும் தெரிந்தால் போதும். ஐஎஸ்ஓ 12800இல், எஃப் 11இல், அக்கரையிலிருந்து எடுத்த மணல் படம் அன்று சான்றாகிறது. கண்மாயில் நீர் இருந்த ஆண்டில் எது வந்தது, வற்றிய ஆண்டில் எது வராமற்போனது என்பதற்கு அவருடைய வன்தட்டில் உள்ள ஆயிரக்கணக்கான மோசமான படங்கள், நல்ல படங்களைவிட உதவும்.

இனப்பெருக்கம்

கன்வெர்ட்டர் உடைவதோ தேய்வதோ அரிது. ரீச் பத்தாதவர் ஒருநாள் அதைவிட நீளமான லென்ஸ் ஒன்றைக் கண்டுவிடுவார். பணத்துக்காகக் கன்வெர்ட்டரை விலை பேசுவார். “அதிகம் மாட்டினதே இல்ல தம்பி, புதுசு மாதிரி இருக்கும்” என்பார். பழைய சாமான் சந்தையில் சொல்லப்படும் வாக்கியங்களில் முழு உண்மையாக இருப்பது இது ஒன்றே. வாங்குகிறவர் கையில் 70–300 லென்ஸ் இருக்கும். கைப்பேசியில் அணில் தெரியாத அணில் படம் இருக்கும். மாட்டிப் பார்த்து, கடைத்தெருவின் கோடியிலுள்ள பெயர்ப்பலகையைக் குறிவைத்து, எழுத்து பெரிதாகத் தெரிவதில் வியந்து, பணத்தை எண்ணிக் கொடுப்பார். விற்றவர் வீடு போய்ச் சேருமுன் அவரிடமிருந்து அழைப்பு வந்துவிடும்:

“அண்ணே, நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ரீச் கிடைக்க வழி உண்டா?”